11 மணி தட்கலும் மொய்க் கவரும்

2025 மே மாதத்தில் ஒரு காலை. மணி 10.58. மதுக்கரையில் ஒரு ஓட்டு வீட்டுத் திண்ணையில், பக்கத்து வீட்டு காலேஜ் பையன் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். எதிரே அந்த அம்மா. சென்னையில் இருக்கும் மகளுக்கு நாள் நெருங்கிவிட்டது. மறுநாள் ராத்திரி ரயிலேறியே ஆக வேண்டும். சாமான் எல்லாம் கட்டியாகிவிட்டது, டிக்கெட்தான் பாக்கி.

``ஏங்கண்ணு, கெடச்சிருமா?''

``பாக்கலாமுங் பெரீம்மா. 11 மணிக்குத்தான் ஸ்லீப்பர் தட்கல் ஓப்பனாகும்.''

ஓப்பனாகிறது. பையன் வேகமானவன்தான். ஆனால், உள்ளே நுழையும் முன்பே வளைந்து நெளிந்த எழுத்துகள் வந்து நிற்கின்றன. அது ஜீரோவா, ஓவா? ஒரு முறை தப்பாகி, மறுமுறை சரியாகி, பெயரும் வயதும் அடித்து, பணம் கட்டும் பக்கத்துக்குப் போவதற்குள் மணி 11.03.

``வெயிட்டிங் லிஸ்ட் போயிருச்சுங் பெரீம்மா.''

``அஞ்சு நிமிசங்கூட ஆகலியே சாமி... அதுக்குள்ள அத்தன பேரா?''

அந்தக் கேள்விக்கான பதில் அடுத்த மாதமே வந்தது. தட்கல் திறக்கும் முதல் 5 நிமிடங்களில் நடக்கும் லாகின் முயற்சிகளில் 50 சதவிகிதம் வரை `பாட்' எனப்படும் தானியங்கி புரோகிராம்களுடையவை என்று ஜூன் முதல் வாரத்தில் ரயில்வே அமைச்சகமே சொன்னது. சந்தேகத்துக்குரிய 2.5 கோடிக்கும் மேற்பட்ட யூஸர் ஐ.டி-களை முடக்கியதாகவும் சொன்னது. அதே அறிக்கையில் இன்னொரு கணக்கும் இருந்தது. மே 22-ம் தேதி காலை 10 மணிக்கு, ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட்டுகள் பதிவாகியிருக்கின்றன. சாதனைதான். அந்த வேகத்தில், ஜீரோவா ஓவா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு என்ன கிடைத்திருக்கும்?

இது எங்கோ வடக்கே நடக்கும் விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2020 அக்டோபரில், திருப்பூரைச் சேர்ந்த ஒரு இன்ஜினீயரை ரயில்வே பாதுகாப்புப் படை கைது செய்தது. தட்கல் படிவத்தை மனிதர்களைவிட வேகமாக நிரப்பித் தரும் செயலிகளை உருவாக்கி, 4 ஆண்டுகளில் சுமார் 20 லட்சம் ரூபாய் சம்பாதித்தார் என்பது அவர்மீதான குற்றச்சாட்டு. அதைப் பயன்படுத்தியவர்களில் பெரும்பாலோர் சாதாரண ஆட்கள். ஊருக்குப் போக ஒரு சீட்டு வேண்டும், அவ்வளவுதான். `இவ்வளவு திறமை இருக்கும் ஆளை ஏன் ஜெயிலுக்கு அனுப்புகிறீர்கள், வேலைக்கு எடுங்கள்' என்று அப்போது சமூக வலைதளங்களில் பலர் எழுதினார்கள். அந்த ஆதங்கத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால், செயலி வைத்திருந்தவருக்குப் போன சீட்டு, செயலி வைத்திராத யாரோ ஒருவருடையது.

மெஷினால் இவ்வளவு சுலபமாக உள்ளே நுழைய எப்படி முடிகிறது?

கொங்கு நாட்டுக் கல்யாணங்களில் மொய் எழுதுமிடத்தை ஒரு நிமிடம் கவனித்தால் புரிந்துவிடும். கவரின் மேல் பெயர், ஊர், `501' என்று எழுதிக் கொடுப்பார்கள். நோட்டு எழுத உட்கார்ந்திருக்கும் மாமா, மேலே எழுதியதைப் பார்த்து அப்படியே வரவு வைத்துவிட மாட்டார். கவரைப் பிரிப்பார், எண்ணுவார், பிறகுதான் பேனாவை எடுப்பார். யார்மீதும் சந்தேகப்பட்டு அல்ல. நோட்டுக்கு அவர்தான் பொறுப்பு, அதனால்.

இணையத்தில் ஒரு படிவத்தை நிரப்பும்போது, `மொபைல் நம்பர் 10 இலக்கம் இருக்க வேண்டும்' என்று சிவப்பு எழுத்தில் ஒரு எச்சரிக்கை வருமே, அதெல்லாம் பெரும்பாலும் கவரின் மேல் எழுதும் கணக்கு. அந்தச் சோதனை நடப்பது நம் கையில் இருக்கும் போனில், பிரவுசருக்குள். தப்பாக அடித்தவருக்கு உடனே சொல்லும் உதவி அது. பாதுகாப்பு அல்ல. ஏனென்றால், பாட் அந்தப் பக்கத்தையே திறப்பதில்லை. பட்டனை அழுத்துவதில்லை. சிவப்பு எழுத்தைப் படிப்பதில்லை. பெயர், வயது, ஊர் எல்லாவற்றையும் ஒரு கட்டாகக் கட்டி நேராக சர்வருக்கு அனுப்பிவிடுகிறது. வாசலில் வாட்ச்மேன் விறைப்பாக நிற்கிறார், ஆள் கொல்லைப்புறமாக வந்து பந்தியில் உட்கார்ந்தாகிவிட்டது!

அதனால்தான் கவரைப் பிரித்து எண்ணும் வேலை சர்வரில் நடக்க வேண்டும். வெளியாள் கை எட்டாத இடம் அது. வந்தது முறையான தகவலா என்று அங்கே மறுபடி ஒரு முறை முதலிலிருந்து பார்க்க வேண்டும், பிரவுசர் ஏற்கெனவே பார்த்திருந்தாலும்.

அங்கே செய்யக்கூடிய தந்திரங்கள் சில ரசிக்கும்படி இருக்கும். படிவத்தில் ஒரு கட்டத்தை மனிதர் கண்ணுக்குத் தெரியாதபடி ஒளித்து வைப்பார்கள். மனிதர்கள் அதை நிரப்ப மாட்டார்கள், தெரிந்தால்தானே நிரப்புவதற்கு! பக்கத்தின் கோடை மட்டும் படிக்கும் பாட், எல்லாக் கட்டத்தையும் விழுந்து விழுந்து நிரப்பும். ஒளித்த கட்டம் நிரம்பி வந்தால், அனுப்பியது யாரென்று தெரிந்துவிடும். எலிப்பொறியில் வைத்த தேங்காய்ச் சில்லு மாதிரி. தெரிந்தவர்கள் குறிவைத்து எழுதிய பாட் இதில் சிக்காது. கண்ட இடமெல்லாம் மேயும் பாட்கள் சிக்கிவிடும்.

இன்னொன்று, நேரம். படிவம் போன நேரத்தையும் நிரம்பி வந்த நேரத்தையும் சர்வரே குறித்து வைக்கும். ஒரு குடும்பத்தின் நான்கு பெயர்களை, வயதோடு, 2 விநாடியில் எந்த மனிதரும் அடிக்க முடியாது. பயணிகள் விவரப் பக்கத்துக்குக் குறைந்தது 25 விநாடி என்று ரயில்வே ஒரு காலத்தில் வரம்பே வைத்திருந்தது. மெதுவாக அடிப்பவர்களுக்குச் சாதகமான அபூர்வ விதி! மூன்றாவது, எண்ணிக்கை. ஒரே முகவரியிலிருந்து எத்தனை முறை கேட்கிறார்கள் என்று பார்ப்பது. 2021 மே மாதத்தில் தடுப்பூசிக்கு ஸ்லாட் தேடி நாடே போனைத் தட்டிக்கொண்டிருந்ததே, அப்போது கோவின் தளம் இப்படித்தான் ஒரு ஐ.பி முகவரிக்கு 5 நிமிடத்தில் 100 கேள்விகள் என்று கட்டுப்படுத்தியது.

இந்த மூன்றிலும் ஒரு பொதுக் குணம் உண்டு. நேர்மையாக வந்தவருக்கு, சோதனை நடந்ததே தெரியாது.

வளைந்த எழுத்தைப் படிக்கச் சொல்லும் `கேப்ட்சா' அப்படியல்ல. 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் வான் ஆன் உள்ளிட்டோர் அதற்குப் பெயரும் வடிவமும் கொடுத்தபோது, மெஷினால் அதைப் படிக்க முடியவில்லை. இன்றைக்கு மெஷின் படித்துவிடுகிறது. கண்புரை ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கும் ஒருவர்தான் திணறுகிறார். திருடனுக்கு வைத்த பூட்டில் வீட்டுக்காரர் விரல் நசுங்கும் கதை.

2025 ஜூலை 1 முதல், இணையத்தில் தட்கல் எடுக்க ஆதார் சரிபார்ப்பு கட்டாயமானது. ஜூலை 15 முதல் ஆதார் ஓ.டி.பி-யும் சேர்ந்துகொண்டது. முதல் அரை மணி நேரம் ஏஜென்ட்கள் எடுக்க முடியாது. பாட்களுக்கு இது பலத்த அடிதான். யூஸர் ஐ.டி ஆயிரம் உருவாக்கலாம், ஆதார் ஆயிரம் உருவாக்க முடியாது. ஆனால், மதுக்கரை அம்மாவைப் போன்றவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. ஆதாரில் கொடுத்திருந்த நம்பர், எப்போதோ ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய நம்பராக இருந்தால் ஓ.டி.பி எங்கே போகும்? இல்லையென்றால் அது சென்னையில் மகள் கைப்பையில் அடிக்கும். 11 மணிக்கு அவள் ஆபீஸ் மீட்டிங்கில் இருப்பாள். ஆளை நிரூபிக்கும் சுமையை மறுபடியும் மனிதர் தலையிலேயே ஏற்றுவதற்கு முன்னால், சர்வர் தன் பங்கு வேலையை முழுதாகச் செய்துவிட்டதா என்று கேட்க இடமிருக்கிறது.

மதுக்கரைக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டமில்லை. எட்டிமடை, வாளையாறு பக்கம் தண்டவாளத்தைக் கடக்கும் யானைகளைப் பற்றி அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2021 நவம்பர் 26-ம் தேதி இரவு நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் இறந்ததையும் ஊர் மறக்கவில்லை. 2024 பிப்ரவரியில், 7.24 கோடி ரூபாய் செலவில், 12 கோபுரங்களில் தெர்மல் கேமராக்களோடு செயற்கை நுண்ணறிவு எச்சரிக்கை அமைப்பை வனத்துறை அங்கே தொடங்கியது. இருட்டில் வருவது யானையா, வேறெதுவுமா என்று கேமராவும் கம்ப்யூட்டருமே கண்டுபிடித்துத் தகவல் அனுப்பிவிடுகின்றன. `நான் மாடு இல்லை' என்று யானையை டிக் அடிக்கச் சொல்வதில்லை.

ரயில்வே அளவுக்குப் பெரிய இடத்துக்கு மட்டுமான விஷயமல்ல இது. கோவையில் பள்ளி அட்மிஷன், மில் வேலை விண்ணப்பம், பல் டாக்டர் அப்பாயின்ட்மென்ட் என்று எல்லாவற்றுக்கும் படிவம் வந்துவிட்டது. ஒரே ராத்திரியில் 400 போலி விண்ணப்பம் வந்து குவிந்தால், நடுவில் இருக்கும் நிஜமான நாலு பேரைத் தேடி எடுக்க யாருக்குப் பொறுமை இருக்கும்? சொந்தமாகத் தளம் வைத்திருப்பவர்கள் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். பிரவுசர் செட்டிங்ஸில் ஜாவா ஸ்கிரிப்டை ஆஃப் செய்துவிட்டு, சொந்தப் படிவத்தைத் திறந்து, மொபைல் நம்பர் கட்டத்தில் `அஆஇஈ' என்று அடித்து அனுப்ப வேண்டும். `நன்றி, உங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது' என்று பதில் வந்தால், தளம் செய்து கொடுத்தவருக்கு அன்றைக்கே ஒரு போன் போட்டுவிடுவது நல்லது.