என் சீனியர் எனக்கு ஜூனியர்!

ப்ளஸ் டூ முடிச்சதும் அப்பா படுக்கையில் விழுந்துட்டார். மூணு வருஷம் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். அந்தச் சம்பளத்தில் தம்பியை முதலில் காலேஜில் சேர்த்துட்டு, அப்புறம்தான் வேற காலேஜில் நான் சேர்ந்தேன். முதல் நாள் வகுப்புக்குள் நுழைஞ்சதும், லெக்சரர்னு நினைச்சு நாலு பேர் எழுந்து நின்னுட்டாங்க!

மறுநாள் கேன்டீன் வாசலில் சீனியர்கள் கும்பல். 1997-லேயே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தாச்சு. ஆனா, அந்த வாசலுக்கு இன்னும் வந்து சேரலை போல. "ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா 'குட்மார்னிங் சார்' சொல்லுடா."

சொல்லிக்கிட்டே வந்தேன். அஞ்சாவது ஆளைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கிச்சு. என் தம்பியோட ஸ்கூல் க்ளாஸ்மேட். எங்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "அண்ணே, இந்தக் கணக்கு வரலண்ணே"ன்னு நின்னவன்.

"குட்மார்னிங்... சார்."

அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

அந்த வாரமே இங்கிலீஷ் மேடம் 'சீனியர்' பத்திச் சொன்னாங்க. லத்தீன்ல அதுக்கு 'இன்னும் வயசானவர்'னு அர்த்தமாம். 'சார்'ங்கிற வார்த்தையும் அதே வேரில் இருந்து வந்ததுதானாம். "'சீனியர் தேன்'னு எழுதாதீங்க, 'சீனியர் டு'தான் சரி"ன்னாங்க. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. இலக்கணம் சரி மேடம், யாருக்கு யார் சீனியர்?

வயசைச் சொல்ல வந்த வார்த்தை, போகப் போக பதவிக்கும் ஒட்டிக்கிச்சு. 60 வயசானா சீனியர் சிட்டிசன். ஆனா சீனியர் அட்வகேட் ஆக, நரைச்ச முடி மட்டும் போதாது; உச்ச நீதிமன்றமோ, உயர் நீதிமன்றமோ அந்தத் தகுதியைக் கொடுக்கணும். நம்ம 'பணிமூப்பு' மட்டும் என்னவாம்? பேரில் மூப்பு இருக்கு. ஆனா, முதலில் பார்க்கிறது வயசை இல்லை, வேலையில் சேர்ந்த வரிசையை!

ரெண்டு வாரம் கழிச்சு பஸ் ஸ்டாப்பில் அவனே வந்தான். "ஸாரிண்ணே. அன்னிக்கு நான் வாயைத் திறந்திருக்கணும்." கையில் போன வருஷத்து நோட்ஸ், பழைய கொஸ்டின் பேப்பர்கள்.

வாங்கத் தயக்கமா இருந்துச்சு. மூணு வருஷமா பாடப் புத்தகத்தை ஜெராக்ஸ் மெஷினில் மட்டுமே பார்த்தவன் நான். 'சார்'னு சொன்னதைவிட, "இது எனக்குப் புரியல, சொல்லித் தர்றியா?"ன்னு கேட்கத்தான் அதிக தைரியம் தேவைப்பட்டுச்சு. கேட்டேன். அதே திண்ணையில் உட்கார்ந்து சொல்லித் தந்தான். அன்னிக்குத்தான் அவன் எனக்கு நிஜமாவே சீனியர் ஆனான். அரியர் இல்லாம பாஸ்!

இப்போ நான் செகண்ட் இயர். போன வாரம் கேன்டீன் வாசலில் ஒரு சின்னப் பையன் என்னைப் பார்த்து நடுங்கிக்கிட்டே "குட்மார்னிங் சார்"னான்.

"சாப்பிட்டியாடா தம்பி?"ன்னு கேட்டேன்.