கடல் இருந்த மண்ணில் மக்காச்சோளம்

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் ஓடையோரம் கல்லாகிப்போன மரம் ஒன்று கிடக்கிறது. 18 மீட்டர் நீளம். சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பக்கம் கடலாக இருந்ததற்கு அதுவே சாட்சி. பார்க்க வருபவர்கள் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். சுற்றியுள்ள கரிசல் காட்டுக்காரர்களுக்கு அந்தக் கடலோடு கணக்கு இன்னும் தீரவில்லை. அது விட்டுப்போன சுண்ணாம்பு, போடுகிற மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. துத்தநாகத்தையும் பயிருக்கு எட்டவிடுவதில்லை.

ஆலத்தூர், குன்னம், வேப்பந்தட்டைப் பக்கம் புரட்டாசி மழைக்கு விதைத்த மக்காச்சோளம் ஐப்பசியில் முழங்கால் உயரம் நிற்கும். பெரும்பாலும் மானாவாரி. ஒரு மழை விட்டதும் காடெங்கும் யூரியா வீசும் ஆட்களைப் பார்க்கலாம். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் சொச்சம், 50 கிலோ டிஏபி 1,350 ரூபாய். மழை பொய்த்தால் போட்ட கடன் தலையில் நிற்கும் ஊரில், மலிவானதை மட்டும் வாங்குவதைக் குற்றம் சொல்ல முடியாது. 2018-ல் படைப்புழு வந்தபின் மருந்துச் செலவும் சேர்ந்துகொண்டது.

ஆனால் யூரியா மட்டும் தின்ற பயிர் கரும்பச்சையாகத் தளதளவென்று வளரும். பூக்கும் சமயத்தில் பத்து நாள் காய்ந்தால் தாங்காது. செடிக்குள் நீரைச் சிக்கனமாகச் செலவழிக்க உதவுவது சாம்பல்சத்து. அது குறைந்தால் அடியிலைகளின் ஓரம் கருகும், கதிர் நுனியில் மணி பிடிக்காது. இளஞ்செடி ஊதா நிறமானால் மணிச்சத்துக் குறைவு. இளம் இலையில் நடுநரம்புக்கு இருபுறமும் வெள்ளைப் பட்டை ஓடினால் துத்தநாகக் குறைவு.

முழு மூட்டை வாங்கித்தான் ஆகவேண்டும் என்பதும் இல்லை. மண் பரிசோதனை அட்டை ஏக்கருக்கு 24:12:12 கிலோ என்று சொன்னால், டிஏபி 26 கிலோ, பொட்டாஷ் 20 கிலோ, யூரியா 42 கிலோ போதும். டிஏபி செலவு சுமார் 700 ரூபாய்தான். பக்கத்துக் காட்டுக்காரரோடு மூட்டையைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். டிஏபி, பொட்டாஷ் இரண்டும் விதைக்கும்போதே அடியுரமாக வரிசையில் மண்ணுக்குள் இறங்கிவிட வேண்டும். பிடித்துவைக்கும் மண்ணில் மணிச்சத்தை மேலே தூவுவது பாதி வீண். துத்தநாகக் குறைவு இருந்தால் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலோடு கலந்து தனியாக இடவேண்டும், டிஏபியோடு கலக்கவே கூடாது.

யூரியாவை 25-ம் நாளும் 45-ம் நாளும் இரண்டாகப் பிரித்து, ஈரம் இருக்கும்போது செடியோரம் இட்டு மண் அணைக்க வேண்டும். சுண்ணாம்பு மண்ணின் மேல் கிடக்கும் யூரியா ஆவியாகிக் காற்றோடு போகும். இரண்டாம் தவணைக்கு மழை வராவிட்டால் காத்திருக்கலாம். வராமலே போனால் அந்தப் பாதி வீட்டிலேயே மிஞ்சும்.

மண் மாதிரி எடுக்கச் சித்திரை வெயிலில் நிலம் வெறுமையாகக் கிடக்கும் நாட்களே தோது. வரப்போரம், மரநிழல், எருக்குப்பை கொட்டிய இடம் தவிர்த்துப் பத்துப் பதினைந்து இடங்களில் அரையடி ஆழத்துக்கு 'வி' வடிவில் வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சுரண்டிக் கலந்து, நிழலில் உலர்த்தி அரைக் கிலோ கொடுத்தால் போதும். செம்மண் துண்டும் கரிசல் துண்டும் ஒரே ஆளுடையதாக இருந்தாலும் தனித்தனிப் பைதான்.