இடப்பக்க இருக்கை

எங்கள் வீட்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டை அப்பா 1979-இல் மதுரை வக்கீல் ஒருவரிடம் வாங்கினார். அருப்புக்கோட்டையில் நூல் வியாபாரம், திருச்சுழி பக்கத்து ஊர்களில் வரவேண்டிய பாக்கி. பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியாது என்று அந்தக் காரை வாங்கினார்.

இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டுதான் அது. 1961 முதல் சென்னைப் பக்கம் தயாரித்தார்கள். அதே அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. கியர் பெட்டியும் ஒரே வம்சம். நான்கு கியரில் மேல் மூன்றுக்கு சின்க்ரோமெஷ் உண்டு. கியர் விழுவதற்கு முன் ஒரு வளையம் உரசி, சேர வேண்டிய இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்கிவிடும். முதல் கியருக்கு அது இல்லை. நகரும் வண்டியில் முதல் கியர் போட வேண்டுமானால் வளையத்தின் வேலையை ஓட்டுபவர் செய்ய வேண்டும். கிளட்சை அமுக்கி நியூட்ரல், கிளட்சை விட்டு ஆக்சிலரேட்டரில் ஒரு மிதி, மறுபடி கிளட்ச், பிறகு கியர். எவ்வளவு மிதிப்பது என்று காட்ட முள் கிடையாது. காதுதான் கணக்கு.

அப்பாவுக்கு அந்தக் காது இல்லை. கண்மாய்க் கரை ஏற்றத்தில் வண்டி திணறும்போதெல்லாம் பல் கடிக்கும் சத்தம் கேட்கும். இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் அம்மா சேலை முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். ஒருநாள், "இன்னுங்கொஞ்சம் மிதிச்சிருக்கலாம்" என்றார்.

"நீ ஓட்டுறியா?" என்றார் அப்பா. அது கேள்வி இல்லை என்று பின்னால் இருந்த எனக்கே தெரிந்தது.

1993-இல் கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி அரசுப் பேருந்து ஓட்டுநரான செய்தியை அப்பாதான் சத்தமாக வாசித்தார். பெருமையாகத்தான். வாசித்து முடித்துவிட்டு அம்மாவிடம் காப்பி கேட்டார். எனக்கு உரிமம் எடுத்தபோது அதில் 'கியர் இல்லாத இருசக்கர வாகனம்' என்று இருந்தது. அண்ணனுடையதில் கியர் உண்டு. பெண்ணுக்கு ஸ்கூட்டர் போதும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை.

அப்பா 2004-இல் இறந்தார். வருஷம் திரும்பட்டும், வண்டியை விற்றுவிடலாம் என்றான் அண்ணன். அதற்குள் நான் கார் ஓட்டப் பழகியிருந்தேன். ஆனால் அது எல்லா கியருக்கும் சின்க்ரோமெஷ் உள்ள, தப்பை மன்னிக்கிற புது வண்டி. ஹெரால்டில் நான் அப்பாவைவிட மோசம்.

சொல்லிக் கொடுத்தது அம்மா. கோடையில் வறண்டு கிடந்த கண்மாய்க்குள், சீமைக்கருவேலம் மண்டாத ஒரு வெட்டவெளியில், அதே இடப்பக்க இருக்கையிலிருந்து. "அவசரப்படாதத்தா. நடுவுல நிப்பாட்டு. கால எடு. இப்ப ஒரு மிதி... பத்தாது. இன்னும் கொஞ்சம். ம், போடு." மூன்றாம் நாள் சத்தமே இல்லாமல் விழுந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா சிரிக்கவில்லை. "நீ இந்தப் பக்கம் வா" என்றார்.

அவருக்கு அப்போது அறுபத்தொரு வயது. கிளட்சுக்குக் கால் எட்டவில்லை, முதுகுக்குப் பின்னால் என் துப்பட்டாவை மடித்து வைத்தோம். கிளம்பும்போது இரண்டு தடவை வண்டி நின்றுபோனது. காலுக்குப் பழக்கமில்லை, பாவம். பிறகு முதல் கியரின் அந்த ஊளை எழுந்தது, இரண்டு, மூன்று. திரும்பும் இடத்தில் வேகத்தைக் குறைத்து, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே முதல் கியருக்கு இறக்கினார். ஒரு சத்தமும் இல்லை. இருபத்தைந்து வருஷம் அவர் அதைத்தான் மனசுக்குள் செய்துகொண்டிருந்திருக்கிறார். எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு.

வண்டியை வாங்க விருதுநகரிலிருந்து ஒருவர் வந்தார். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "பாக்ஸ் நல்லாருக்கே, யாரு ஓட்டுனது?" என்றார்.

"அப்பாதான்" என்றான் அண்ணன்.

அம்மா காப்பித் தம்ளரை அவர் கையில் கொடுத்தார். "காலையில வண்டி சூடாகுற வரைக்கும் ரெண்டாவது கொஞ்சம் முரண்டும் தம்பி. அமுக்கித் தள்ளாதீங்க."