மாமி அனுப்பிய கேமரா



இன்னும் பன்னிரண்டு நாட்களில், இன்ஷா அல்லாஹ், அடியேன் பினாங்குக்குப் புறப்படவிருக்கிறேன். பயணப் பெட்டியில் எதை வைப்பது, எதை விடுவது என்பதெல்லாம் முடிவாகிவிட்டது. ஒரே ஒரு பொருளைப் பற்றி மட்டும் எங்கள் வீட்டில் மூன்று வாரங்களாக வழக்கு நடந்தது. அது ஒரு பழைய பிலிம் கேமரா. வெளிநாடு செல்லும் நீங்களும் என்றேனும் இந்தக் கேள்வியைச் சந்திக்கக்கூடும் என்பதால் அந்த வழக்கின் விவரத்தை எழுதுகிறேன்.

என் அத்தாவின் உடன்பிறந்த மாமி, 1969ஆம் ஆண்டு மணமாகி உத்தமபாளையத்திலிருந்து பினாங்குக்குச் சென்றவர். தேனியில் மீட்டர்கேஜ் ரயிலேறி, மதுரை வழியாக நாகப்பட்டினம் போய், அங்கே ‘ரஜுலா’ கப்பலில் ஏறினார். 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல், 1973இல் ஓய்வு பெறும்வரை நம் தமிழ் மக்களில் எத்தனையோ தலைமுறைகளைக் கடல் கடத்தியது. கடைசியாக மாமி ஊருக்கு வந்தது 1994இல். 1999இல் என் பாட்டியார் வபாத்தானபோது அவரால் வர இயலவில்லை. இப்போது அவருக்கு வயது எழுபத்தைந்து. முழங்கால்கள் பயணத்துக்கு இடம் தருவதில்லை.

அந்த மாமிதான் 1987இல், ஊர் திரும்பிய ஒருவர் கையில் கொடுத்து, தம்பியான என் அத்தாவுக்கு ஒரு யாஷிகா கேமரா அனுப்பிவைத்தார். அத்தா அதில் எடுத்த படங்களில் பாதிப் பேருக்குத் தலை இராது. மீதிப் பேருக்குக் கால் இராது. 1994இல் மாமியையும் பாட்டியாரையும் சேர்த்து எடுத்த ஒரே படத்தில், பாட்டியார் துப்பட்டியை முகத்துக்கு மேலே இழுத்துக்கொண்டிருப்பார். பாட்டனாருக்கோ, ஹஜ்ஜுப் பயணத்தின் பொருட்டுப் பாஸ்போர்ட்டுக்காக எடுத்த படம் ஒன்றைத் தவிர வேறு படமே கிடையாது.

சென்ற ரமலானில் தொலைபேசியில் பேசிய மாமி ஒன்று கேட்டார்: “தம்பி, வரும்போது பாளையத்தைக் கொஞ்சம் படம் பிடிச்சுக்கிட்டு வா. போனுல வேணாம். அதுல எனக்கு ஒண்ணும் தெரியறதில்ல. கையில பிடிச்சுப் பாக்குற மாதிரி கொண்டா. அம்மாவை அடக்கின இடத்தையும் பாக்கணும்.”

மகன் கல்லூரியில் படிப்பவன். “கைபேசியில் எடுத்து அதையே பிரிண்ட் போட்டுக் கொடுத்தால் போயிற்று. இதற்கு ஏன் பிலிம்?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. இன்று ஒரு பிலிம் சுருளின் விலை பல நூறு ரூபாய். கழுவிப் படமாக்க அதற்கு மேலும் செலவாகும். நமது உதகையிலேயே 1960இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் ‘இந்து’ என்ற பெயரில் பிலிம் செய்து நாடெங்கும் விற்ற காலம் ஒன்றிருந்தது. அந்த ஆலை மூடிப் பல்லாண்டுகள் ஆகின்றன. நம் பக்கத்து ஸ்டூடியோக்களும் பிலிம் கழுவுவதை எப்போதோ நிறுத்திவிட்டன. மகனிடம் எனக்கிருந்த பதில் ஒன்றுதான்: மாமி வாங்கி அனுப்பிய கேமராவில் எடுத்த படத்தை மாமியின் கையிலேயே கொடுக்க வேண்டும் என்ற ஆசை. இது வாதமாகாது என்பதை நானும் அறிவேன்.

ஆசை ஒருபுறம் இருக்க, ஆபத்து ஒன்று உண்டு. கழுவாத பிலிம் எக்ஸ்ரே கதிருக்கு அஞ்சுவது. விமானத்தின் அடியில் செல்லும் பெட்டிகளைச் சோதிக்கும் கருவி மிகக் கடுமையானது. ஆகவே, கழுவாத பிலிமை அந்தப் பெட்டியில் வைக்கவே கூடாது. கைப்பையைச் சோதிக்கும் பழைய வகைக் கருவியில், 800க்குக் குறைந்த வேகமுள்ள பிலிம் இரண்டொரு முறை போய்வந்தாலும் தப்பிவிடும். ஆனால், அண்மைக் காலத்தில் விமான நிலையங்களில் வைக்கப்பட்டுவரும் சி.டி. ஸ்கேனர் அப்படியன்று. மருத்துவமனையில் உடலைத் துண்டு துண்டாகப் படமெடுக்கும் அதே முறையில் பையைப் பார்க்கிறது. ஒரே முறை உள்ளே போனாலும் பிலிமில் புகை படிந்தாற்போல் ஆகிவிடும் என்று கோடாக், இல்போர்டு ஆகிய பிலிம் நிறுவனங்களே எச்சரித்திருக்கின்றன. கையால் சோதிக்கும்படி அதிகாரியிடம் பணிவாகக் கேட்கலாம். சிலர் இசைவார்கள், சிலர் மறுப்பார்கள். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கும்போது வாதாடுவதற்கு என் போன்றவனுக்கு நாவெழாது. எங்கள் உறவினர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த இரு சுருள்களும் சாம்பல் பூத்து வந்ததை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். பேரனின் பெயர்சூட்டு விழா அதில் இருந்தது.

இரும்பு அலமாரியில் ஆண்டுக்கணக்கில் கிடந்த கேமரா வேலை செய்கிறதா என்பதே முதலில் தெரிய வேண்டும். மதுரையில் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தேன். பின்மூடியின் ஓரத்தில் வெளிச்சம் புகாதபடி ஒட்டியிருந்த பஞ்சு பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. புதிது ஒட்டிக்கொடுத்தார். “ஒரு ரோல் எடுத்துக் கழுவிப் பாராமல் வெளியூர் கொண்டுபோகாதீர்கள்” என்றும் சொன்னார். அந்தச் சோதனைச் சுருளை மாமி கேட்ட ஊருக்கே செலவிடுவோம் என்று முடிவு செய்து, ஒரு வெள்ளிக்கிழமை பஜ்ரு தொழுத கையோடு கிளம்பினேன். முப்பத்தாறு படங்கள். அவ்வளவுதான்.

மாமி போன வழியை எண்ணித் தேனியிலிருந்தே தொடங்கினேன். அவர் ரயிலேறியபோது தேனி மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த ஓர் ஊர். தனி மாவட்டமானது 1996இல்தான். அந்த மீட்டர்கேஜ் பாதை 2010 இறுதியில் மூடப்பட்டது. அகலப்பாதையாகித் தேனிக்கு மீண்டும் ரயில் வந்தது 2022 மே மாதம். போடி வரை நீண்டது 2023 ஜூனில். பதினோர் ஆண்டுகளுக்கு மேல் ரயிலே காணாத நிலையத்தில் இன்று சென்னைக்கே வண்டி ஏறலாம். நிலையத்தின் பெயர்ப் பலகையை வெளியில் நின்று எடுத்தேன். மாமி அதைப் பார்த்து, “இது நம்ம தேனி ஸ்டேஷன் இல்லையே” என்பார்.

தேனியைத் தாண்டி வீரபாண்டி, சின்னமனூர் என்று தெற்கே செல்லச் செல்ல இருபுறமும் பச்சை. மேற்கே ஒரு மலைச்சுவர், கிழக்கே மேகமலை. நடுவே முல்லையாறு. இந்தப் பசுமை மலைக்கு அப்பாலிருந்து வந்தது என்பதை இங்குள்ள பிள்ளைகளும் அறிவார்கள். மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்த பெரியாற்றை அணை கட்டி மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். 1887இல் தொடங்கி 1895இல் முடிந்த வேலை அது. லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்த நீரை நம்பியிருக்கிறது. சின்னமனூர் வயல்களில் நாற்று நடவு நடந்துகொண்டிருந்தது. சேற்றில் குனிந்து நின்ற பெண்மக்களைப் படம் எடுக்க மனம் ஒப்பவில்லை. வரப்பையும் நீரையும் மட்டும் எடுத்தேன்.

இங்கே ஒரு வார்த்தை. உயிருள்ளவற்றை ஒளிப்படம் எடுப்பது குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதை நீங்கள் அறிவீர்கள். எகிப்தின் முப்தியாக இருந்த மர்ஹூம் ஷைகு முஹம்மது பகீத் அல்முதீயீ போன்றோர், அது நிழலைத் தடுத்து நிறுத்துவதே ஆகும் என்று கொண்டு அனுமதித்தார்கள். நம் நாட்டு உலமாக்களில் பலர், பாஸ்போர்ட் போன்ற தேவைக்கு மட்டுமே என்று வரையறுத்தார்கள். அந்த விவாதத்தை இங்கே அவிழ்க்கப் போவதில்லை. கேட்காமல் பிறரைப் படம் எடுப்பது எந்தக் கருத்தின்படியும் நல்லொழுக்கமன்று என்பதோடு என் கேமரா நின்றுகொண்டது.

பாளையத்தில்தான் சுருளில் பாதி கரைந்தது. முல்லையாற்றுப் பாலம், பள்ளிவாசல் மினாரா, நான் படித்த ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியின் நுழைவாயில் ஆகியவற்றை எடுத்தேன். 1956இல் இந்தக் கல்லூரி வந்திராவிட்டால் எங்கள் பள்ளத்தாக்கின் பிள்ளைகள் பலர் பட்டம் என்பதையே பார்த்திருக்க மாட்டார்கள். மாமியின் காலத்துத் திண்ணை வீடு இப்போது இல்லை. அந்த இடத்தில் நிற்கும் மாடி வீட்டைப் படம் எடுத்து மாமியின் மனத்தைப் புண்படுத்துவானேன் என்று தயங்கினேன். பிறகு தெருவின் முனையில் நின்று, பழைய கிணற்றடி மட்டும் தெரியும்படி எடுத்தேன்.

ஜும்ஆவுக்குப் பின் கபர்ஸ்தான் சென்றேன். பாட்டியாரின் கபுருக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. வேப்பமரத்திலிருந்து மூன்றாவது வரிசை என்று அத்தா காட்டியதுதான் அடையாளம். ஸலாம் சொல்லி, துஆச் செய்து முடித்து வெகுநேரம் நின்றேன். கேமரா தோளில் தொங்கியது. அடங்கியிருப்போருக்கு நடுவில் நின்று பொத்தானை அழுத்தக் கூச்சமாக இருந்தது. வெளியே வந்து, வாயிற்படியிலிருந்து வேப்பமரம் முழுவதும் தெரியுமாறு ஒரே ஒரு படம் எடுத்தேன். இந்த ஒரு படத்துக்காகத்தான் மற்ற முப்பத்தைந்தும் என்று அப்போது தோன்றியது. சரியாக விழுந்ததா என்று திரையில் பார்க்க வழியில்லாத கருவி. இரண்டாவது முறை எடுத்திருக்கலாம். ஏனோ எடுக்கவில்லை.

கம்பத்தில் பந்தல் பந்தலாகத் திராட்சை. ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும் ஊர் அது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோட்டக்காரர், “பினாங்குக்கா? கொத்தையே கொண்டு போங்களேன்” என்று சிரித்தார். சுருளி அருவியை எடுக்கப்போய் ஏமாந்தேன். மரநிழலின் இருளில் இந்தக் கேமராவுக்குப் பார்வை போதாது.

லோயர் கேம்பில் மின்நிலையத்தின் பக்கம் கேமராவைத் தூக்கவே கூடாது. அணை, மின்நிலையம், விமான நிலையம் போன்றவை எந்த நாட்டிலும் வம்பான இடங்கள். வெளிநாடு செல்வோர் இதை நினைவில் வையுங்கள். அங்கே 2013இல் திறக்கப்பட்ட பென்னிகுவிக் மணிமண்டபத்தை மட்டும் எடுத்தேன். அணை கட்டிய அந்த ஆங்கிலேயப் பொறியாளரின் படம் இப்பள்ளத்தாக்கின் பல வீடுகளில் மாட்டப்பட்டிருக்கிறது. தம் சொந்தப் பாட்டனாரின் படம் இல்லாத வீடுகளிலும் அவர் படம் உண்டு.

சுருளைச் சென்னைக்குக் கூரியரில் அனுப்பினேன். பத்து நாட்கள் கழித்து வந்தது. முப்பத்தாறில் இருபத்தேழு தேறின. சுருளி அருவி வெறும் வெள்ளைக் கோடு. வேப்பமரம், அல்ஹம்துலில்லாஹ், இலை இலையாக விழுந்திருந்தது.

ஆக, மாமிக்கான படங்கள் கையில் வந்துவிட்டன. கேமராவையும் கொண்டுபோவதா? வழக்கு இப்போதுதான் முற்றியது. மனைவி, “படம்தான் கிடைத்துவிட்டதே, பெட்டியை ஏன் சுமக்க வேண்டும்?” என்றாள்.

எனக்கு வழி காட்டியது ஒரு பழைய வரலாறு. எகிப்துப் படையின் பொறியாளர் முஹம்மது ஸாதிக் பே, 1861இல் மதீனாவையும் 1880இல் மக்காவையும் முதன்முதலில் ஒளிப்படம் எடுத்தவர். தில்லியைச் சேர்ந்த எச்.ஏ. மிர்ஸா அண்ட் சன்ஸ் என்ற ஸ்டூடியோவினரும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மக்காவைப் படம் எடுத்தார்கள். (இன்று உம்ராவுக்குச் செல்வோர் கவனிக்க: இரு ஹரம் பள்ளிவாசல்களிலும் படம் எடுப்பதற்குச் சவூதி அரசு 2017இல் தடை அறிவித்தது.) ஸாதிக் பேயின் காலத்தில் பிலிம் கிடையாது. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காயுமுன் படம் எடுத்து, அந்த இடத்திலேயே இருட்டுக் கூடாரத்தில் கழுவியாக வேண்டும். கழுவாத தகட்டோடு ஊர் திரும்பும் பேச்சுக்கே இடமில்லை.

நாமும் அப்படிச் செய்தால் என்ன? காலிக் கேமராவுக்கு எக்ஸ்ரேயால் எந்தக் கேடும் இல்லை. கழுவி முடித்த நெகடிவுக்கும் இல்லை. கெடுவது இரண்டுக்கும் இடைப்பட்ட பிலிம் மட்டுமே. ஆகவே, கேமராவைக் காலியாகக் கைப்பையில் வைத்துக்கொண்டு போவது. பிலிமைப் பினாங்கிலேயே வாங்குவது. அங்கேயே கழுவி, நெகடிவாக ஊர் கொண்டுவருவது. போகும்போதும் வரும்போதும் எந்த அதிகாரியிடமும் மன்றாட வேண்டியதில்லை. மகனும் இதற்கு மறுப்புச் சொல்லவில்லை. ஆனால், தன் கைபேசியையும் தருவேன், அருவி இருந்தால் அதில் எடுங்கள் என்றான்.

2024 டிசம்பரில் சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானம் தொடங்கிய பிறகு, ரஜுலா நாட்கணக்கில் கடந்த கடல் சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அங்கே கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலையும் சூலியாத் தெருவையும் எடுக்க வேண்டும். நம் கரையிலிருந்து சென்றவர்களின் பெயரைத் தாங்கி நிற்கும் இடங்கள் அவை. மாமியைப் படம் எடுப்பதா என்பதை மாமியிடமே கேட்பேன். அவரும் பாட்டியாரைப் போலத் துப்பட்டியை இழுத்துக்கொண்டால், அப்படியே விட்டுவிடுவேன்.

நேற்று இரவு தொலைபேசியில் கேமராவும் வருகிறது என்று சொன்னேன். சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, “அதுக்கு ஒரு தோல் உறை இருந்துச்சே தம்பி, இருக்கா?” என்று கேட்டார். இருக்கிறது. பொத்தான்தான் அறுந்து போயிருந்தது. இன்று காலை மனைவி வேறு பொத்தான் தைத்துவிட்டாள்.