கிபிரின் உருவம்

கிபிர் போர் விமானத்தை 72இல் ஒரு பங்காகச் சுருக்கிய பிளாஸ்ரிக் மாதிரியின் நீளம் ஏறத்தாழ 22 சென்ரிமீற்றர். பிரெஞ்சு மிராஜின் உடலமைப்பில் அமெரிக்க ஜே-79 எஞ்சினைப் பொருத்தி இஸ்ரேல் உருவாக்கிய ஜெற் அது. எஞ்சினின் பின்பகுதியைக் குளிர்விக்கவே நிமிர்ந்த வாற்செட்டையின் அடியில் காற்றுவாய் அமைந்தது என்பதை, அச்சிறு துண்டை அரத்தாளால் தேய்த்து ஒட்டுகையில் உணர்ந்தேன். தகட்டு மூட்டுகளில் ஐதாக்கிய கரும்பூச்சை ஓடவிட்டுத் துடைத்ததும் கோடுகள் துலங்கின.

1996இல் இவ்விமானங்கள் இலங்கைக்கு வந்தன. வன்னியிற் பிறந்த எனக்கு, 2009இல் போர் முடியும்வரை, கிபிர் என்பது ஓர் ஒலி மாத்திரமே. பதுங்குகுழிக்குள் இருந்த சிறுவன் வானத்தைப் பார்த்ததில்லை. உருவமறியாத அச்சத்துக்கு எல்லையில்லை. கூறுகூறாகப் பிரித்து அறிந்தபின் அது மனிதர் செய்த பொருளாகிவிடுகிறது. அவ்வகையில் இம்மாதிரி எனக்கு ஒரு கல்வியே. ஆயினும் அம்மா அதை அலுமாரியில் வைக்க இன்னும் சம்மதிக்கவில்லை.