படுக்கையா, நடையா?

எனக்கு முதுகில் ஆபரேஷன் நடந்தது கூடப் பெரிதில்லை. மறுநாள் நடந்த சண்டைதான் பெரிது!

அது 2022-ஆம் வருஷம். இடுப்புக்கருகில் முதுகெலும்பின் ஜவ்வு ஒன்று பிதுங்கி, இடது காலுக்குப் போகும் நரம்பை நெருக்கிக்கொண்டிருந்தது. பிதுங்கிய துண்டை எடுத்துவிட்டார்கள். கால்வலி போன இடம் தெரியவில்லை. மறுநாள் காலை டாக்டர் வந்து, "எழுந்து நடங்கள், அம்மா" என்றார். என் மாமியாருக்கு வந்ததே கோபம்!

"பச்சை ரணம், டாக்டர்! ஒரு மண்டலமாவது அசையாமல் கிடக்க வேண்டாமா?"

"படுத்தே கிடந்தால் தசை இளைக்கும், பாட்டி. காலில் ரத்தம் கட்டினாலும் கட்டும். குனிவது, முறுக்குவது, கனம் தூக்குவது, இவைதான் இப்போது கூடாது. உள்ளே ரணம் ஆறும்போது தழும்பு வருவது இயற்கை. சிலருக்கு அது நரம்போடு ஒட்டிக்கொள்ளும்."

"ஒட்டாமல் தடுக்க மருந்து கிடையாதா?" என்றேன் நான்.

"பலாச்சுளை எடுக்கக் கையில் எண்ணெய் தடவிக்கொள்வீர்களே, அந்த மாதிரி நரம்பைச் சுற்றிக் கொழுப்புத் துண்டு வைத்தும் பார்த்தார்கள், வழவழப்பான ஜெல் தடவியும் பார்த்தார்கள். நிச்சயமாகத் தடுக்கும் என்று கைகாட்ட ஒன்றும் அகப்படவில்லை. நடையும் அப்படித்தான், சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் உடம்பு தேற அதைவிட நல்ல வழி இல்லை."

வீட்டுக்கு வந்ததும் டாக்டர் தூரமாகிவிட்டார். மாமியார் பக்கத்தில் இருந்தார்! மூன்று வாரம் கட்டிலைவிட்டு இறங்க விடவில்லை. கஞ்சியும் ரசமும் கட்டிலுக்கே வந்தன. அத்தனையும் அன்புதான்.

மூன்றாவது மாதம் அதே காலில் மறுபடியும் வலி. இன்னொரு ஆபரேஷனோ என்று இரவெல்லாம் தலையணை நனைந்தது. ரத்தக்குழாயில் மருந்து ஏற்றி ஸ்கேன் எடுத்தார்கள். தழும்புக்கு ரத்த ஓட்டம் உண்டு. அதனால் படத்தில் அது பளிச்சென்று தெரியும். ஜவ்வுத் துண்டு அப்படித் தெரியாது. எனக்கு இருந்தது தழும்புதான்.

"வெட்டினால் அங்கே புதுத் தழும்புதான் முளைக்கும். பொறுத்துப் பார்ப்போம்" என்றார் டாக்டர்.

"நான் படுத்துக்கிடந்ததால் வந்ததா?"

"அப்படிச் சொல்ல முடியாது. நன்றாக நடந்தவர்களுக்கும் வரும். பெரிய தழும்பு இருந்தும் வலியே அறியாதவர்களும் உண்டு. யார் மேலும் பழி போடாதீர்கள்."

திரும்பிப் பார்த்தேன். மாமியார் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடியுமுன் கட்டிலருகே என் செருப்பை வைத்துவிட்டு, "கிளம்பு" என்றார். மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவில் முதலில் ஐந்து நிமிஷம், பிறகு பத்து, பிறகு அரைமணி. பிஸியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தபடி, நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை மெல்ல நீட்டி மடக்குவேன். அப்போது நரம்பு தன் பாதையில் சிறிதே வழுக்கி நகருமாம். வலித்தால் நிறுத்திவிடுவேன். வலி அடியோடு போய்விடவில்லை. என்னை ஆட்டிவைத்த வலியை இப்போது நான் ஆட்டிவைக்கிறேன்!

ஒன்று மட்டும் மறக்காதீர்கள், சகோதரிகளே: ஆபரேஷனுக்குப் பின் பாதம் தொங்கினாலோ, சிறுநீர் கட்டுக்கு அடங்காவிட்டாலோ, காய்ச்சலோடு காயத்தில் நீர் கசிந்தாலோ, பார்க்கலாம் என்று காத்திராமல் உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

எங்கள் மாமியார் இப்போது முதுகு ஆபரேஷனானவர் யாரைக் கண்டாலும் விடுவதில்லை. "டாக்டர் சொன்னபடி கேளு. ஒரு மண்டலமாவது நடக்க வேண்டாமா?" என்கிறார்!