சுவரைச் சுரண்டுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நில்லுங்க



நவராத்திரிக்கு முன்னால நம்ம கோவில் மண்டபத்துக்குப் புதுச் சாயம் அடிச்சாச்சு. வந்து பார்த்தவங்க எல்லாம் "பளிச்சுன்னு இருக்கு"னு சொல்றீங்க. சந்தோஷம். ஆனா அந்தச் சுவரில் நான் செய்த ஒரு தவற்றை உங்களிடம் சொல்லாமல் இருக்க மனசு கேக்கல. கடைசியில் ஓர் உதவியும் கேட்கிறேன். முழுசா படிங்க.

சில வருஷத்துக்கு முன்னால, பின்சுவருக்கு வால்பேப்பர் ஒட்டலாம்னு கூட்டத்தில் பேச்சு வந்தப்போ நானும் கை தூக்கினேன். ஒரே நாளில் வேலை முடியும், கல்யாணப் படத்துக்கு அழகா இருக்கும்னு நினைச்சோம். ஸ்ரீ கெம்பாங்கான் மழையை யாரும் யோசிக்கல. அந்தச் சுவரின் வெளிப்பக்கம் சாரல் நேராக அடிக்கும். வினைல் தாள் பிளாஸ்டிக் மாதிரி. சுவருக்குள் ஏறிய ஈரம் வெளியே வர வழியில்லை. ஓரமெல்லாம் உப்பி, அடியில் கறுப்பாகப் பூசணம் பிடித்து, சாம்பிராணியை மீறி வாடை அடிக்க ஆரம்பிச்சிருச்சு.

கோத்தோங் ரோயோங் அன்று காலையில் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தேன். சர்ருன்னு பெரிய துண்டாக வந்தது. பின்னாடி சிவப்புச் செதில்கள் ஒட்டிக்கிட்டு வந்தன. பழைய சாயம்தானேன்னு குப்பைப் பையில் போட்டுட்டு இன்னும் ரெண்டு துண்டு இழுத்தேன்.

ஓரமாக உட்கார்ந்து பூக் கட்டிக்கிட்டிருந்த பாட்டி எழுந்து வந்தாங்க. "தம்பி, நிறுத்துப்பா. அது உபயக்காரங்க பேரு."

அப்பத்தான் பார்த்தேன். சிவப்பு எனாமல் சாயத்தில், கையால எழுதின வரிசை. பெயர், பக்கத்தில் தொகை. 5 வெள்ளி, 10 வெள்ளி, 25 வெள்ளி. தோட்டத்தில் பால் வெட்டினவங்க சம்பளத்தில் மிச்சம் பிடிச்சுக் கொடுத்த காசு. வால்பேப்பர் ஒட்டுறப்போ அதை யாரும் பெருசா நினைக்கல, நான் உட்பட.

"எங்க வீட்டுக்காரர் பேரு மேல் வரிசையில இருந்துச்சு"ன்னாங்க. மேல் மூணு வரிசையைத்தான் நான் உரிச்சிருந்தேன். பாட்டி திட்டல. "சாமிக்குத் தெரியும் தம்பி"ன்னு சொல்லிட்டுப் போய்த் திரும்பவும் பூக் கட்ட உட்கார்ந்தாங்க. திட்டியிருந்தாக் கூட பரவாயில்லை.

தஞ்சைப் பெரிய கோவிலில் கருவறையைச் சுற்றி உள்ள உட்சுற்றில், நாயக்கர் காலத்து ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் மறைஞ்சிருந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி 1931ல்தான் அதைக் கண்டுபிடிச்சார். பிற்காலத்தில் தொல்லியல் துறையினர் மேல் அடுக்கையும் சேதமாக்காமல் தனியாகப் பிரித்தெடுத்துப் பாதுகாத்தாங்க. நம்ம சுவர் தஞ்சாவூர் இல்லைதான். ஆனாலும் மேல இருக்கிறதை எடுக்கிறவன் அடியில் என்ன இருக்குன்னு பார்க்கணும்கிறது எல்லாச் சுவருக்கும் பொது.

அதுக்கப்புறம் வேலையை நிதானமாகச் செய்தோம். வீட்டில் செய்யப் போறவங்களுக்கும் உதவும்னு எழுதறேன்.

முதல்ல மின்சாரத்தை அணைச்சு, சுவிட்சுகளைப் பிளாஸ்டிக்கால் மூடினோம். வினைல் மேல்தோலில் லேசாகக் கீறல் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து, ஸ்பான்ஜால் நனைச்சுக் கால் மணி நேரம் விட்டோம். பிறகு அகலமான தகட்டைச் சாய்ச்சுப் பிடிச்சுத் தள்ளினா, தாள் தானாகக் கழன்று வந்தது. எழுத்து அப்படியே நின்றது. எனாமல் தண்ணீருக்குக் கரையாது. நான் காய்ந்த தாளை இழுத்ததுதான் தப்பு.

மிச்சமிருந்த பசையை ரெண்டு தடவை கழுவினோம். பசை இருந்தா புதுச் சாயம் வெடிச்சு உரியும். பூசணத்தைக் காய்ந்த நிலையில் சுரண்டாதீங்க, பொடி மூச்சில் போகும். முகக்கவசம் போட்டு, தண்ணீர் கலந்த பிளீச்சால் துடைச்சோம். பிளீச்சோடு வினிகரையோ டாய்லெட் கழுவும் அமிலத்தையோ கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும். பழைய சாயத்தில் ஈயம் இருக்கலாம். அதனால மணல்தாளை நனைச்சுத்தான் தேய்ச்சோம், பிள்ளைகளைப் பக்கத்தில் விடல.

வெளிச்சுவர் விரிசலை அடைச்ச பிறகு, ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு உள்சுவரில் ஒட்டி ஒரு நாள் விட்டோம். சுவர்ப் பக்கம் வியர்த்திருந்தது. ஈரம் இன்னும் போகலன்னு அர்த்தம். திருவிழா நெருங்குதுன்னு அவசரம் இருந்தாலும், ஃபேன் போட்டு இன்னும் ஒரு வாரம் காத்திருந்தோம். அப்புறம்தான் சீலர், அதுக்கு மேல ரெண்டு கை சாயம்.

பெயர் இருக்கிற இடத்தை என்ன செய்யறதுன்னு கூட்டத்தில் வாக்குவாதம் வந்தது. "மேல ஸ்கிம் கோட் போட்டு மூடுங்க, சுவர் ஒரே சீரா இருக்கட்டும்"னு சிலர். பாட்டி சொன்னதை நான் சொன்னேன். தலைவர் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அப்படியே விடுங்க"ன்னார். இப்போ அந்தப் பகுதிக்கு மட்டும் சாயம் அடிக்கல. சுற்றிச் சட்டம் போட்டு, முன்னால கண்ணாடித் தகடு வெச்சிருக்கோம். சுவரோடு ஒட்டாம, காற்றுப் போக இடைவெளி விட்டு. மறுபடியும் ஈரத்தை அடைச்சு வைக்க மாட்டோம்.

மேல் மூணு வரிசை மட்டும் வெறும் சுவர்.

இப்போ என் வேண்டுகோள். வால்பேப்பர் ஒட்டுறதுக்கு முன்னால நம்ம மண்டபத்தில் கல்யாணம், காதுகுத்து, பரிசம் நடத்தினவங்க தயவுசெய்து பழைய ஆல்பத்தை எடுத்துப் பாருங்க. பொண்ணு மாப்பிள்ளையைப் பார்க்காதீங்க, அவங்களுக்குப் பின்னால சுவரைப் பாருங்க. ஓர் எழுத்து தெரிஞ்சாலும் கோவில் அலுவலகத்துக்குக் கொண்டு வாங்க. படத்தைப் பிரதி எடுத்துட்டு உடனே திருப்பித் தந்துடறோம். பெயர்கள் கிடைச்சா அதே சிவப்புச் சாயத்தில் திரும்ப எழுதறோம்னு நிர்வாகம் ஒத்துக்கிட்டிருக்கு.

பாட்டி வெள்ளிக்கிழமை தவறாம வந்து பூக் கட்டறாங்க. அந்த வெறும் இடத்தைப் பார்த்துட்டுத்தான் உட்கார்றாங்க. அவங்க இருக்கும்போதே அந்தப் பெயரை எழுதிடணும்.

ஓம் சக்தி. அம்பாள் துணை.